படத்தில் விழாத வலி

அன்பு மகனே,

உன் மாமன் போன் போட்டு உன்னிடம் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில், டவுனில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில், பின்பக்கம் முழுக்கத் திறந்துகிடக்கும் ஒரு பச்சைச் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு நான் வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆலந்தலையிலிருந்து வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரி அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்கள். உன் மாமன் அவசரத்தில் தன் துண்டை எறிந்தான். நான் அதைப் பிடித்து முன்பக்கத்தை மறைத்தேன். திறந்திருந்தது பின்பக்கம்.

முப்பத்தைந்து வருஷம் சங்கு குளித்தவன் நான். பன்னிரண்டு பாக ஆழத்தில், எழுபது அடிக்கும் கீழே, காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, கலங்கின தண்ணீரில் கையால் தடவிச் சங்கு பொறுக்கினவன். அந்த எம்.ஆர்.ஐ. மெஷினை வெளியிலிருந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண்பிள்ளை என் கையில் ஒரு ரப்பர் உருண்டையைத் தந்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னாள். "பாப்பா, நான் கடலுக்கடியில மணிக்கணக்கா கெடக்குத ஆளு. ஒன் டப்பா என்னய என்ன செஞ்சிரும்?" என்றேன். "உள்ள போறது வரைக்கும் எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ அண்ணாச்சி" என்றாள். பலகை உள்ளே போனது. கூரை மூக்குக்கு நாலு விரல் மேலே வந்து நின்றது. ராடு உடைந்த இஞ்சின் மாதிரி ஒரு சத்தம். மூச்சு எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. உருண்டையை அமுக்கினேன், அமுக்கினேன், அது பிய்ந்துபோகிற அளவுக்கு அமுக்கினேன். பலகை வெளியே வந்ததும் ஓடிவிட்டேன். இதுதான் நடந்தது. மாமன் இதற்கு மேல் கைகால் வைத்துச் சொல்வான், நம்பாதே.

நீ சிரித்து முடித்திருந்தால் மேலே படி. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாகக் கேலிக்குப் போய்விடுகிறது. நீயும் "சரிப்பா, வேல கெடக்கு" என்று வைத்துவிடுகிறாய். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன். ஆதலால் முழுவதையும் படித்துவிடு. விஷயம் உன் வலது இடுப்பு, ஆபரேஷன் செய்யாத பக்கம். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லித்தான் டாக்டர் உன்னைக் கொச்சிக்கு விட்டார். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கேட்டால் வலியில்லை என்கிறாய். போன மாதம் புதுக்கோட்டையில் உன் சித்தி மகள் கல்யாணத்தை நீ வீடியோவில் பார்த்தபோது, போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நின்று எல்லோருக்கும் கை காட்டினாய். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். உன் அம்மா காலைப் பார்த்தாள். "பாத்தியளா, ஆபரேசன் பண்ணுன கால்லயே மொத்த கனத்தையும் போட்டு நிக்கான். நல்ல கால ஒளிச்சி வச்சிருக்கான்" என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். பயந்தால் எனக்குப் பசிக்கும், உனக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் நீ என்னோடு வள்ளத்தில் ஏறின நாளிலிருந்து சொல்ல வேண்டும். நம் ஆட்களில் குளிப்பவனுடைய கயிற்றை மச்சான்தான் பிடிப்பது. தங்கச்சி தாலி அறுக்கிற மாதிரி எந்த அண்ணனும் கையைத் தளர்த்த மாட்டான் என்ற கணக்கு. உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மச்சான் கிடையாது. அதனால் என் கயிற்றைப் பிடித்த உன் தாய்மாமனே உன் கயிற்றையும் பிடித்தான். நான் உன்னோடு கீழே கிடந்தேன். அந்த முதல் வாரத்தில் ஒரு நாள், மேலே வந்து அரை மணி நேரத்தில் உன் முழங்கை மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் சுருண்டாய். நான் என்ன செய்தேன்? என் அப்பன் எனக்குச் செய்ததைச் செய்தேன். "கடல் குடுத்த வலிய கடல்தாம்லே வாங்கும். எறங்கு" என்று குழாயைக் கையில் கொடுத்து மறுபடி இறக்கினேன். கீழே போனதும் வலி விட்டுவிட்டது. மேலே வந்து, "அப்பா, மந்திரம் போட்ட மாதிரி இருக்குப்பா" என்று சிரித்தாய். உன் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன், சந்தோஷத்தில். என் வாழ்க்கையில் நான் உனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வைத்தியம் அதுதான். அதுதான் உன்னை அரித்தது.

இருபத்திரண்டாவது வயதில் இடது முட்டி வலிக்கிறது என்றாய். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. நேரே படம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய், "முட்டிய மட்டும் எடுங்க" என்றேன். எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வலை பின்னிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "பாத்துக்கிடுங்க ஐயா! கண்ணாடி கணக்கா இருக்கு முட்டி. தொரைக்கு முட்டி வலிக்கல, வேலதான் வலிக்கி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாளே உனக்கு "எக்ஸ்ரே" என்று பெயர் வைத்தேன். ஏலே எக்ஸ்ரே, கயித்த எடு. ஏலே எக்ஸ்ரே, சாப்பாட்ட எடு. ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் பங்குப் புத்தகத்தில் இருந்தது, நான் வைத்த பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. இன்றைக்கும் கடற்கரையில், "எக்ஸ்ரே எப்ப வாரான்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் காது கேட்காதவன் மாதிரி நடந்துவிடுகிறேன்.

வலி நிற்கவில்லை. உன் அம்மா சண்டை போட்டு டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தாள். அவர் முட்டியைத் தொடவே இல்லை. உன்னை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, உள்பக்கமாக மெல்லத் திருப்பினார். நீ "அம்மா" என்று கத்தினாய். "வலி இருக்கது இடுப்புல. முட்டி அத வாங்கிச் சொல்லுது, அம்புட்டுதான்" என்றார். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல தெரியல. தெரியலங்கதனால இல்லன்னு ஆயிராது. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்று ஒரு சீட்டு எழுதினார். அவர் மூன்று பேச்சுப் பேசினார்; என் காதில் முதல் பேச்சு மட்டும் விழுந்தது. "தெரியல." சீசன் முடியட்டும் என்று அந்தச் சீட்டை நான் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். சீசன் முடிந்தது. அடுத்த சீசன் வந்தது. அதுவும் முடிந்தது. மாதா என்ன செய்வாள், அவள் பாவம் படத்துக்கு முன்பக்கம் இருக்கிறாள்.

அந்த இரண்டு சீசனும் வலிக்கிறது என்று நீ சொன்ன போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்: எறங்கு. நீயும் இறங்கினாய். கீழே வலிக்கவில்லை என்று நீயே சொன்னாய். எப்படி வலிக்கும்? தண்ணீருக்குள் உடம்புக்குக் கனம் ஏது? அந்த எலும்பின்மேல் எதுவும் உட்காரவில்லை, அதனால் வலிக்கவில்லை. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், பையனைக் கடல் குணமாக்குகிறது என்பதுதான். உன் மாமன் மட்டும் ஒரு நாள், "மச்சான், கயிறு வழியா எனக்குத் தெரியுது. பய ஒத்தக் கால வச்சித்தான் ஒதைக்கான். இன்னொன்னு சும்மா தொங்குது" என்றான். "ஒம் மருமவனுக்கு நீ சொகுசு பாக்கியா?" என்று அவன் வாயை அடைத்தேன்.

கடைசி நாள் உனக்கு நினைவிருக்கும், எழுத எனக்குத்தான் கை வரவில்லை. நீ மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாய். ஏறவில்லை. "ஏலே எக்ஸ்ரே, ஏறுலே, சோறு ஆறுது" என்றேன். ஏறவில்லை. விளிம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்தாய். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. மாமன்தான் கயிற்றைப் போட்டுவிட்டு, அக்குளில் கை கொடுத்து உன்னைத் தூக்கி உள்ளே போட்டான். அன்று சாயங்காலம் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்தவள் உன் அம்மா. நான் வைத்த இடம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். நானாக எடுப்பேன் என்று காத்திருந்தாளாம். அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டென்று இப்போதும் அழுகிறாள். எனக்காகவும் சேர்த்து அழுகிறாள், நான் வெளியே போய்விடுகிறேன்.

ஸ்கேன் படத்தை டாக்டர் மாட்டினபோது நீ என் வலதுபக்கம் உட்கார்ந்திருந்தாய். தொடையெலும்பின் தலை ஒரு பந்து, இடுப்பில் அது சுழலுகிற கிண்ணம் ஒன்று, இரண்டையும் காட்டினார். இடதுபக்கப் பந்தில் ஒரு துண்டு கருத்துப்போய், மேலே முட்டை ஓடு மாதிரி அமுங்கியிருந்தது. சங்குக்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். புழு அரித்த சங்கு வெளியே பார்த்தால் முழுதாகத்தான் இருக்கும், கையில் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். "எக்ஸ்ரேயில எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று கேட்டேன், குற்றம் அவர் தலையில் விழட்டும் என்றுதான். அவர் கோபப்படவில்லை. "எக்ஸ்ரே வீட்டோட சொவரப் பாக்கும். ஸ்கேன் வீட்டுக்குள்ள ஆள் இருக்கானான்னு பாக்கும். இந்த வீட்டுல ஆள் செத்து ரொம்ப நாளாச்சு. சொவரு இப்பத்தான் விழுது. ஆள் இருக்கும்போதே வந்திருந்தா எலும்புல ஒரு தொளை போட்டாவது காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்றார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து எலும்பு சாகும் என்று சொல்லிவிட்டு உன்னிடம் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்குவாய், எவ்வளவு வேகமாக மேலே வருவாய், வலித்தால் என்ன செய்வாய் என்று. நீ சொன்னாய். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "வலிச்சா மறுபடி எறங்கணும்னு யாரு கத்துக்குடுத்தா?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "யாருமில்ல சார். நானாத்தான் செஞ்சேன்" என்றாய்.

மகனே, இந்த ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவன் நான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழவைப்பேன், சாவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கவைப்பேன். அன்றைக்கு ஒரு சொல், "நான்தான்" என்ற ஒரே சொல், என் வாயில் வரவில்லை. இருபத்து நான்கு வயதில் இடுப்பு எலும்பு செத்துப்போன பையன் தன் அப்பனைக் காப்பாற்றினான். அப்பன் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது மூட்டை மாற்றின ஆபரேஷன் முடிந்து நீ ஊன்றுகோலோடு நடந்தபோதும் சொல்லவில்லை. கொச்சியில் மீன் கம்பெனி எடைமேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு உன்னை ரயிலேற்றினபோதும், "அங்கன போயி மீனுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்துராதலே" என்றுதான் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதனால்தான் நான் அந்த மெஷினுக்குள் போனேன். எனக்கும் இடுப்பில் நாலைந்து வருஷமாக வலி உண்டு. உன்னைக் கேலி செய்த காலத்திலேயே இருந்தது, ஒளித்துக்கொண்டேன். உன்னை உள்ளே படு என்று சொல்கிறவன் முதலில் படுத்துக் காட்ட வேண்டும் என்று போனேன். ஓடிவந்த கதையைத்தான் மேலே எழுதினேனே. அந்தப் பெண்பிள்ளை பொறுமைசாலி. தண்ணீர் கொடுத்துவிட்டு, "கூட ஒரு ஆளு நிக்கலாம் அண்ணாச்சி. ஒடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது" என்றாள். உன் மாமன் பெல்ட்டைக் கழற்றினான், மோதிரத்தைக் கழற்றினான், கழுத்துச் சங்கிலியில் கிடந்த அந்தோணியார் சுரூபத்தைக் கழற்றி முத்தமிட்டு அவளிடம் கொடுத்தான். உள்ளே வந்து மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், மகனே. அதே கூரை, அதே சத்தம். ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடலுக்கு மேலே என் கயிற்றில் இருந்த பிடி. கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: உன் கயிற்றை நான் ஒரு நாளும் பிடித்ததில்லை. உனக்கு முன்னால் இறங்குவேன், உன்னை இறங்கச் சொல்வேன். மேலே நின்று பிடித்ததில்லை. கண்ணீர் காதுக்குள் ஓடியது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் துடைக்க முடியவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். என் இடது எலும்பிலும் ஒரு பழைய கருப்பு இருக்கிறதாம், ஆனால் பந்து உருண்டை கெடாமல் இருக்கிறதாம். இனிமேல் இறங்கக் கூடாது என்றார். சரி என்றேன், குழாயையும் ஈயக்கட்டியையும் மாமனிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "சார், அன்னைக்கு எம் மவன் பொய் சொன்னான். வலிச்சா எறங்குன்னு சொன்னது நான்தான்." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னுடைய சாக்குகளையும் விசாரித்துவிட்டேன். உள்ளே உலோக மூட்டு இருக்கிறது, மெஷினில் படுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்டேன். ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த அட்டையைக் கொண்டுவந்தால் பார்த்துவிட்டு எடுப்பார்களாம். இடதுபக்கம் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும், வலதுபக்கம் பார்க்க முடியுமாம். அட்டை நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, மாதா படத்துக்குப் பின்னால் இல்லை. லீவு கிடைக்காது என்பாய்; உன் முதலாளியிடம் நான் பேசுகிறேன், என் பேச்சைக் கேட்கிறதைவிட லீவு கொடுப்பதே மேல் என்று அவருக்குத் தோன்றிவிடும். வலியில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. பயமாக இருக்கிறது என்று சொல். இரண்டாவது பந்தும் போய்விட்டது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். நானும் அதற்குத்தான் பயப்படுகிறேன். ஆனால் அந்த வீட்டுக்குள் ஆள் இன்னும் உயிரோடு இருக்கலாம், மகனே. கதவைத் தட்டாமல் இருந்தவன் நான், என்னால் நீ ஒன்றை இழந்தாய். இன்னொன்றையும் அதே மாதிரி இழக்காதே. நீ உள்ளே படு. மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நான் வெளியே நின்று உன் காலைப் பிடித்துக்கொள்கிறேன். கேலி பேச மாட்டேன். அந்தச் சத்தத்தில் பேசினாலும் உனக்குக் கேட்காது.

இன்னொரு சின்ன விஷயம். பதிவு செய்கிற இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள், வீட்டு நம்பரைச் சொன்னேன். உன் பழைய ஸ்கேனுக்கும் அதே நம்பர்தான் கொடுத்திருந்தோம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்றார்கள், நமக்கு இவ்வளவு பேரா என்று நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். நேற்று மாமன் மகள் கவரில் இருந்த இங்கிலீஷைப் படித்தபோதுதான் தெரிந்தது, படமும் ரிப்போர்ட்டும் உன் பெயரில் வந்திருக்கின்றன. டாக்டரும் எலும்பைத்தான் பார்த்தார், பெயரைப் பார்க்கவில்லை. அதன்படி உனக்கு இரண்டு பக்கமும் சொந்த எலும்பு. ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. இடதுபக்கப் பந்து உருண்டை கெடாமல் இருக்கிறது. இன்று காலையில் போய்ச் சொன்னேன். ஒருவர் மட்டும் வந்தால் திருத்த முடியாதாம், இரண்டு பேரும் ஆதார் அட்டையோடு நேரில் வர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள்.

இப்படிக்கு,
அப்பா